கயிறு அவிழ்க்கும் முன்

பிப்ரவரி 3

அன்பு நண்பனுக்கு,

வேலையில் சேர்ந்த அன்றே வளையாதவன் என்று நீ 'ஸ்கேல்' எனப் பெயர் வைக்க, இன்றுவரை அலுவலகம் முழுவதும் அப்படியே அழைக்கிற நான், ஊழியர் விடுமுறை உல்லாசப் பயணத்தின் ஏற்பாடு குறித்து எழுதுவது. சொந்தச் செய்தியை அலுவலக மின்னஞ்சலில் எழுதக் கூடாது என்பது விதி. ஆகவே தாளும் தபால்தலையும். மேலாளராகித் தலைமை அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்காதே.

நீ சொன்னபடி படகைப் பார்த்துவிட்டேன். மேல்தளம் திறந்தவெளி. கீழே ஒரே கூடம், நாற்காலிகள், ஓர் ஒலிபெருக்கி. மாலுமியை எனக்குப் பிடித்துப்போயிற்று. குழுத் தலைவர் தலைகளை எண்ணிக் கையெழுத்திட்டு, துறையில் நின்று கையை உயர்த்தினால்தான் படகைக் கிளப்புவாராம். "எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் சரி சார், நீங்க கையைத் தூக்காம கயிறு அவிழாது" என்றார். என்னைப் போல் இன்னொருவரும் உலகத்தில் இருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது.

அலுவலகம் இப்போதே மிதக்கிறது. வரவேற்பறைப் பெண் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கிறாள். "நான் ஆடப் போறேன் சார், நடுவுல விதி எண் சொல்லித் தடுக்கக் கூடாது" என்று முன்ஜாமீன் வாங்கிவிட்டாள். கிடங்குக்காரர், "எனக்கு நீச்சல் தெரியாது, சாப்பிடத் தெரியும், அது போதாதா?" என்கிறார். ராட்டினத்தில் ஏறினாலே வாந்தி எடுக்கும் நம் கணக்கர்கூட வருகிறார்.

ஒரு குறை. ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்தினரை அழைத்தோம். இந்த முறை வேண்டாம் என்கிறாய். கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறாய். அங்கே அலை அதிகம், கைபேசியும் எடுக்காது. காரணம் எழுது.

உன்,
ஸ்கேல்

பிப்ரவரி 8

டேய் ஸ்கேலு,

காரணம் கேக்காம ஒரு வேலையாவது செஞ்சிருக்கியா நீ? உன் கல்யாணத்தன்னிக்கே போட்டோக்காரர்கிட்ட ரசீது கேட்டவன்டா!

குடும்பம் வந்தா பிள்ளைங்க சத்தம். போன் எடுத்தா எல்லாரும் குனிஞ்சு அதையே பாப்பாங்க. ஒரு நாளாவது மனுஷங்களா பேசிட்டு வருவோமேன்னுதான்.

சாப்பாடு முடிஞ்சதும் கீழ்க் கூடத்துல அரை மணி நேரம் எனக்கு வேணும். மைக் சரியா இருக்கான்னு பாத்து வை. இங்கேருந்து காவலுக்கு ரெண்டு பேர் வருவாங்க, பட்டியல்ல சேத்துக்கோ. நான் நேரா படகுத் துறைக்கே வந்துடறேன். கணக்கருக்கு நல்ல மாத்திரையா வாங்கிக் குடு, பாவம்.

உன் பழைய பாவி

பிப்ரவரி 12

அன்பு நண்பனுக்கு,

உல்லாசப் பயணத்துக்குக் காவலர் எதற்கு?

மைக்கைச் சோதிக்கப் போனேன். அந்தக் கூடத்தில் நின்று பார்த்தபோது எனக்கு விளங்கியது. எழுந்து போக முடியாத இடம், வீட்டுக்குப் பேச முடியாத தூரம், உடன் வீட்டார் ஒருவரும் இல்லை, பேசுகிறவன் அருகில் இரண்டு காவலர்கள். இருபத்தைந்து ஆண்டு நட்பை வைத்து நேராகக் கேட்கிறேன்: யார் யாரை வேலையை விட்டு அனுப்பப் போகிறாய்?

ஸ்கேல்

பிப்ரவரி 16

டேய்,

உன்கிட்ட மறைச்சதுதான் என் தப்பு. ஒன்பது பேர். முடிவு என்னுது இல்ல, மேலிடத்துது. வரவேற்பறை, கிடங்கு, கணக்கு, அப்புறம் பழுதுபாக்குற பிரிவு முழுசும்.

போன வருஷம் இன்னொரு கிளையில அலுவலகத்துல வெச்சே சொன்னாங்க. கண்ணாடி உடைஞ்சுது, வாசல்ல கூட்டம், பேப்பர் வரைக்கும் போச்சு. தண்ணிக்கு நடுவுல சொன்னா எங்க போவாங்க? கரை வர்றதுக்குள்ள அழுது ஓய்ஞ்சு ராஜினாமாவுல கையெழுத்தும் போட்டுடுவாங்க. நல்லா இல்லைதான். ஆனா சத்தமில்லாம முடியும்.

உன் பேரும் இருந்துச்சு. ஒத்தக்கால்ல நின்னு எடுக்க வெச்சேன். எனக்கு நீ வேணும்டா. ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை வளைஞ்சு குடு. வாயைத் திறக்காதே.

உன் நண்பன்தான், இன்னும்

பிப்ரவரி 20

அன்பு நண்பனுக்கு,

என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

ஆட்களைக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த விதியை நான் அறிவேன், அதை எதிர்த்து ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் இடி போன்ற செய்தியைக் கேட்ட மனிதன் எழுந்து, கதவைத் திறந்து, தெருவுக்குப் போவதற்கு எந்த விதியின் அனுமதியும் வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் உடனே ஒரு வார்த்தை சொல்வதற்கும் வேண்டியதில்லை. அதைப் பிடுங்குவதற்கென்றே ஒரு படகு பிடித்திருக்கிறோம். பிடித்தவன் நான்.

இன்று வரவேற்பறைப் பெண் என் மேசைக்கு வந்தாள். "உங்களுக்குன்னு ஒரு மெதுவான பாட்டு வெச்சிருக்கேன் சார். ஆட வேணாம், கையை மட்டும் தூக்கினா போதும்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதிப் பிடிபட்ட பையனைப் போல், அவள் போகும்வரை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தேன். தெரிந்து ஒரு குற்றமும் செய்யாத எனக்கே இப்படி என்றால், நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு எப்படி நிற்பாய்?

வளையச் சொல்கிறாய். எனக்கு இந்தப் பெயரை வைத்தவன் நீ.

நீ எடுக்க வைத்த என் பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளச் சொல். காவலர் இருவரும் ஊழியர் அல்லர், பட்டியலில் சேர்க்கவில்லை. உன் செய்தியை உனக்கு முன்னால் நான் சொல்லப் போவதில்லை, அது உன் கடமை. அதற்கு ஓர் இடம் மட்டும் ஏற்பாடு செய்திருக்கிறேன்: படகுத் துறை. காலடியில் தரை, கையில் கைபேசி, பின்னால் தெரு. அங்கே நின்று சொல். கேட்ட பிறகும் வர விரும்புகிறவர்கள் ஏறட்டும், சாப்பாடு சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வண்டிகள் நிறுத்தியிருக்கிறேன். உனக்கு நா எழவில்லை என்றால் நான் சொல்வேன்.

பயண நாளான சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்பாகத் துறையில் இருப்பேன். தலைகளை எண்ணுவேன். நீ பேசி முடிக்கும்வரை கையை உயர்த்த மாட்டேன்.

ஸ்கேல்