ரேடியோவுக்கு ஒரு மாத்திரை

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் மாத்திரை. காலை ஏழு மணிக்கு, இரண்டு முட்டையும் ரொட்டியும் தின்ற பிறகு. பசி, தூக்கம், மனநிலை மூன்றையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. பதினைந்து வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பேர் கிடைத்திருக்கிறது. இதற்கு முன் இருந்தவை: வாலு, அரைக்கிறுக்கு, ஓயாமல் பேசுவதால் அப்பா வைத்த 'ரேடியோ'. கடைசிப் பேர் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பருவத்திலும் கணக்கில் கோட்டை விட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, மருந்தென்றால் பயமில்லை. மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "சின்னப் புள்ளைன்னா துறுதுறுன்னுதான் இருக்கும். அதுக்குப் போய் மருந்தா?" என்று நேற்று வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பசி: உண்டு. தூக்கம்: இனிமேல்தான். மனநிலை: பயம், கொஞ்சம் ஜாலி.

ஜூன் 11, புதன்

கணக்கு மிஸ் பலகையில் ஒரு கணக்கைத் தொடங்கினார். முடித்தார். இரண்டுக்கும் நடுவில் நான் வகுப்பிலேயே இருந்தேன். எல்லாரும் இப்படித்தான் படிக்கிறார்களா? யாரும் சொல்லவே இல்லையே.

ஜூன் 23, திங்கள்

டாக்டரம்மா எடை பார்த்தார், நாடி பார்த்தார், அளவைக் கூட்டினார்.

ஜூன் 26, வியாழன்

பசி: இல்லை. தூக்கம்: தாமதம். மனநிலை: ஒன்றுமில்லை. வீட்டுப்பாடம் எல்லாம் முடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

சாப்பிடும்போது தம்பி கேட்டான், "அக்கா, எம்மேல கோவமா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஏன் பேச மாட்டேங்குற?"

யோசித்துப் பார்த்தேன். பேச எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

மாத்திரை அட்டையைக் காணோம். கணக்கு மாதிரித் தேர்வு அன்றைக்கென்று பார்த்து. அம்மா அலமாரியையே தலைகீழாக்கினாள். கடைசியில், சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்ட அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"என் டூல் பாக்ஸ்லதான் இருக்கு" என்றார் அப்பா. "எம் பொண்ணு பொம்ம மாதிரி உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல."

"அத டாக்டர்கிட்ட சொல்லணும். ஒளிச்சு வச்சா சரியாயிடுமா?"

மாத்திரை இல்லாமலே போனேன். மூன்றாவது கணக்கை இரண்டு முறை அழகாகப் போட்டிருக்கிறேன். தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பது, பக்கத்தில் இருந்தவள் திருப்பியபோதுதான் தெரிந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். எல்லாருக்கும் எம்மேல பாசந்தான். ஆனா எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டாங்களா? — எனக்கே தெரியுமா மொதல்ல? தெரியும். ரெண்டும் வேணும். கணக்கும் புரியணும், வாயும் ஓடணும்.

சாயங்காலம் அப்பாவிடம் இதையே சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல். அவர் டூல் பாக்ஸைத் திறந்து, கிரீஸ் பட்ட கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையை மேசைமேல் வைத்தார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. டாக்டர்கிட்ட நானும் வரேன்."

ஜூலை 4, வெள்ளி

மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டி, 'மனநிலை: ஒன்றுமில்லை' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இத எழுதின அன்னைக்கே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே? உன் குணத்த மாத்தறதுக்கு இல்லம்மா இந்த மருந்து. நீ மந்தமாயிட்டேன்னா அளவு உனக்குச் சரியில்லன்னு அர்த்தம். பழைய அளவுக்கே போவோம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஆயுசு முழுக்கவா டாக்டர்?"

"அப்பப்ப பாத்து முடிவு பண்ணலாம். அவளையும் கேட்டுட்டு."

அவளையும் கேட்டுட்டு. அந்த நாற்காலியில் நான் அரை அடி உயர்ந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பசி: மதியம் சுமார், சாயங்காலம் யானைப்பசி. தூக்கம்: நன்று. மனநிலை: "போதும்க்கா, காது வலிக்குது" என்று தம்பி கும்பிட்டான்.

ஜூலை 30, புதன்

பருவத் தேர்வில் கணக்கு: ஐம்பத்தேழு. நாற்பது எடுத்தாலே போதும். சந்தோஷத்தில் பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது போலிருக்கிறது. கண்டக்டர் நல்லவர், எடுத்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று அப்பாவும் நானும் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு போர்வையை உதறியபடியே அவர் ஆரம்பித்தார்.

"நான் பாதி நாள் வகுப்புக்கு வெளியதான் நிப்பேன். சார் சொல்றது காதுல விழும், மண்டைக்குள்ள போகாது. மக்குன்னாங்க. நானும் நம்பிட்டேன். ஒம்பதாவதோட நிறுத்திட்டேன்."

அவர் அடுத்த சட்டையைக் கொடியில் போட்டார்.

"உங்க டாக்டரம்மா நாப்பத்தாறு வயசு ஆளையெல்லாம் பாப்பாங்களா?"

இன்று காலை நானே போன் பண்ணிக் கேட்டேன். அவர் பிள்ளைகளைத்தான் பார்ப்பாராம். பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவருடைய எண்ணைக் கொடுத்தார். வியாழக்கிழமை நாலரை மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அப்பா லீவு சொல்லிவிட்டார்.

"நீயும் வாம்மா" என்றார்.

போகிறேன்.