எசென்ஸ் பாட்டிலில் இருக்கும் கல்

என் செல்ல மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, பேக்கரி அடுப்பு மூவரும் சூடு குறையாமல் இருக்கிறோம், உன் உடம்புதான் சரியில்லை என்பது எனக்குத் தெரியும், ஆகையால் நலமா என்று கேட்கப் போவதில்லை. முதலில் செருப்பை மாட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மீதியை வண்டியில் உட்கார்ந்து படி. எழுதி முடித்த கையோடு இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சித்தியிடம் கொடுப்பேன், அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

காலையில் நீ போனில் சொன்னதை எல்லாம் நான் கேட்டேன், ஒரு வார்த்தை விடவில்லை. நீ வேலை பார்க்கும் கிடங்கில் கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கிறது, எழுந்து போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறாள், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன் என்றாய். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் பிடித்து அடிவயிறு வரைக்கும் இறங்குது, அலை அலையா வருது, குமட்டுது, போனால் டீத்தண்ணி நிறத்தில் எரிச்சலோடு போகுது என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டே "கொஞ்சம் நடுங்குது சித்தப்பா, இங்க ஏசி ஜாஸ்தி" என்றாய். உடனே டாக்டரிடம் போ என்றேன். அதற்கு நீ "டாக்டர் எதுக்கு, நம்ம வீட்லயே அனுபவஸ்தர் இருக்காரே, நீங்க மட்டும் அஞ்சு நாள் வீட்லயே பாத்து கல்லை இறக்கினீங்கல்ல" என்றாய். போனை வைத்துவிட்டேன். நின்றுபோன மாவு மிஷினை ஒரே தட்டில் ஓட வைத்தேன் என்று போன வாரம் சொன்னபோது நீ நம்பினாயா, பிளக்கைத்தானே சொருகினீங்க என்று சித்தியோடு சேர்ந்து கிண்டல் பண்ணினாய். நான் சொன்னதில் நீ முழுசாக நம்பியது அந்தக் கல் கதை ஒன்றைத்தான்.

அது பொய் மகளே. எனக்குக் கல் வந்ததே இல்லை. அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் உருண்டது நிஜம், பேக்கரி வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது நிஜம். கிளினிக்கில் நர்ஸ் ஒரு மூடி சிரப் கொடுத்தாள், ஒரு ஏப்பம் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது. நாலு ஆள் தூக்கிக்கொண்டு போனவன் ஏப்பம் விட்டுத் திரும்பி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கிட்னியில் கல் என்றேன். உலர்திராட்சை கழுவும்போது அடியில் தங்கிய ஒரு பொடிக்கல்லை எசென்ஸ் பாட்டிலில் போட்டு இதுதான் என்று காட்டினேன். அப்புறம் கதைக்குக் கைகால் முளைத்து, பெரிய டாக்டர் கல்லைப் படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டார் என்கிற அளவுக்குப் போனது. நீயும் அந்தப் பாட்டிலைக் குலுக்கி விளையாடியிருக்கிறாய்.

நாலு வருஷம் கழித்து உன் அப்பா என்னிடம் வந்தார். அண்ணன் அடுப்பில் நிற்பவர், நாளெல்லாம் வேர்வை, தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார், உப்பு பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே இருப்பார். உன் வார்த்தைகளைத்தான் சொன்னார், அலை அலையா வருதுடா என்றார். "உனக்கு எப்படி இறங்குச்சு, என்ன பண்ணினே?" என்று கேட்டார். நான் பாட்டிலைக் குலுக்கி, "அஞ்சு நாள் பொறு அண்ணே, தண்ணியா குடி, தானா விழுந்துடும்" என்றேன். மூன்றாம் நாள் பட்டப்பகலில், தணல் எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குளுருதுடா என்றார். இரண்டு மாவுச் சாக்கைப் போர்த்தினேன். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. அந்தச் சத்தமும் பாட்டில் சத்தமும் ஒன்று. அப்போதாவது தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும், அஞ்சு நாள் ஆகவில்லையே என்று நின்றேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார், கல் குழாயை அடைத்து, மேலே தேங்கிய சிறுநீரில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, நடுங்க ஆரம்பித்த அன்றே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஏற்கெனவே அம்மாவை இழந்து விடுதியில் படித்துக்கொண்டிருந்த உன்னிடம், அப்பா விஷக் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னேன். சித்திக்கும் அதையேதான் சொன்னேன்.

நான் பயந்த ஆள் இல்லை, நாலு வெறிநாயை ஒரே கையால் விரட்டியவன், வேண்டுமானால் ஒரு நாய் என்று வைத்துக்கொள். ஆனால் ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அலமாரியில் அந்தப் பாட்டில் கிலுகிலுக்கிறது. எத்தனை முறை எறியப் போனேன், கை வரவில்லை. இன்று உன்னோடு பேசிவிட்டு உள்ளே போனேன், அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் இரண்டு மாவுச் சாக்கு மடித்து வைத்திருந்தது, ஒருவர் உட்கார்ந்து எழுந்த மாதிரி நடுவில் அமுங்கியிருந்தது. யார் வைத்தது என்று எல்லோரையும் கேட்டேன், யாரும் வைக்கவில்லை என்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், அடுப்பை ஒட்டி இருந்தும் ஜில்லென்று இருந்தது. இது நான் ஜோடித்தது இல்லை மகளே, இதை ஜோடிக்க எனக்குத் தைரியம் கிடையாது.

உனக்கு நடுங்குவது ஏசியால் இல்லை. வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன், மாத்திரை போட்டுப் பார்க்கிறேன் என்று உட்காரக் கூடாது. வண்டி பிடி, தனியாகப் போகாதே, அறைத் தோழியைக் கூட்டிக்கொள். சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும். குணமாகி வந்த பிறகு தண்ணீர் பாட்டிலை மேசையில் வை, அடக்காதே, எழுந்து போ.

நீ நூறு வயது இருக்க வேண்டும், என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டித் தீர்க்கவாவது இருக்க வேண்டும். இனி உடம்புக்கு ஒன்று என்றால் இந்தச் சித்தப்பாவிடம் யோசனை கேட்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள், வீட்டில் யாருக்காவது கல் இருந்ததா என்று அதில் கேட்டிருக்கும். அப்பாவுக்கு என்று எழுது. சித்தப்பாவுக்கு என்று எழுதிவிடாதே.

இப்படிக்கு,
ஏப்பம் விட்டுக் குணமான
உன் சித்தப்பா