பதில் வரும்வரை

மார்ச் 4
வாலு ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். மூன்று வயதில் இவ்வளவு கூர்மையான காதா? பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே, அடுத்த அறையிலிருந்து "என்னம்மா" என்று ஓடி வருகிறாள்.

ஆபீசில் புது வேலை. செயலி செய்பவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் எங்கள் மெசேஜ் லைப்ரரியில் 'அனுப்பு' ஃபங்ஷனுக்கான விளக்கத்தைத் திருத்த வேண்டும். இருப்பது ஒரே வரி: "செய்தியை அனுப்பும்." எங்கே அனுப்புகிறது? வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. போய்ச் சேர்ந்ததா என்ற பதில் பிறகுதான் வரும். அதற்குக் காத்திருக்க வேண்டும். கீழே உள்ள உதாரண நிரலோ காத்திருப்பதே இல்லை.

மார்ச் 6
டீம் லீடிடம் சொன்னேன்.
"உதாரணம் ஒரே வரியில இருக்கணும்மா, அதுதான் நமக்கு அழகு. வேணும்னா விளக்கத்துல ஒரு பாரா எழுதிக்கோ."
"விளக்கத்தை யார் சார் படிக்கிறாங்க? உதாரணத்தைத்தான் எல்லாரும் காப்பி அடிக்கிறாங்க."
"அப்புறம் உனக்கு எதுக்குச் சம்பளம்?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 11
எங்கள் கேள்விப் பலகையில் செயலி செய்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: டிக் விழுகிறது, ஆனால் சில செய்திகள் போய்ச் சேருவதில்லை, ஏன்? கூடவே செயலியின் படம். ஊதா நிறம், மூலையில் வாத்துக்குஞ்சு.

அந்த வாத்துக்குஞ்சை எனக்குத் தெரியும். வாலுவைப் பகலில் விடும் காப்பகத்திலிருந்து எங்களுக்குச் செய்தி வருவது அதே செயலியில்தான். அவர் போட்டிருந்த நிரலில் எங்கள் உதாரண வரி, எழுத்து மாறாமல்.

அவருக்குப் பதில் எழுதினேன். லீடிடமும் காட்டினேன். "அடுத்த வெளியீட்டுல பாத்துக்கலாம்."

மார்ச் 12
காப்பக அக்காவிடம், "எதுன்னாலும் போன் பண்ணுங்கக்கா, மெசேஜ் வேணாம்" என்றேன்.
"டிக் விழுந்தா வந்துடுச்சுன்னு அர்த்தம்மா. கம்ப்யூட்டர் படிச்சவங்க நீங்களே இப்படிக் கேட்டா?"
வீட்டில் வாலுவின் அப்பாவிடம் சொன்னால், "உனக்கு நிழலைப் பாத்தாலும் பயம்" என்கிறார். இருக்கலாம்.

மார்ச் 17
வாலுவுக்கு மூக்கு ஒழுகுகிறது. நெற்றி சுடவில்லை. தொட்டுப் பார்த்துத்தான் காப்பகத்தில் விட்டேன்.

மார்ச் 19
ஆஸ்பத்திரி.
நேற்று மதியம் காய்ச்சல் ஏறியிருக்கிறது. அக்கா எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். டிக்கும் விழுந்திருக்கிறது. "நீங்க வந்துட்டே இருப்பீங்கன்னு நெனச்சேன்மா." ஈரத்துணி போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடியே இருந்திருக்கிறாள். வலிப்பு வந்த பிறகுதான் போன்.

அந்த நேரமெல்லாம் என் ஃபோன் மேசையில் சும்மா கிடந்தது. நான் அந்த 'அனுப்பு' விளக்கப் பக்கத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

வலிப்பு ரொம்ப நேரம் நிற்காமலே இருந்ததாம். ரொம்ப நேரம்னா எவ்ளோ? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கண்ணைத் தொறக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம் —

மார்ச் 21
திறந்தாள்.

ஏப்ரல் 9
உதாரணம் இப்போது மூன்று வரி. "பதில் வரும்வரை காத்திருக்கவும்" என்பதை லீடே சேர்த்துவிட்டு ஃபோன் செய்தார். "அன்னைக்கே நான்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். ஏற்கெனவே காப்பி அடித்துப் போனவர்கள் திரும்பி வந்தா பார்க்கப்போகிறார்கள்?

கூப்பிட்டால் இப்போதெல்லாம் வாலு உடனே திரும்புவதில்லை. டாக்டர், "டைம் குடுங்க, சரியாகலாம்" என்றார். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டுமாம். மேலே மேலே கூப்பிட்டால் குழம்பிப்போவாளாம்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். "வாலு."
முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேன். குழாயை மூடினேன். நின்றேன்.
கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். மெல்ல, தலை திரும்பியது.
"என்னம்மா" இன்னும் வரவில்லை.