மனுவின் முதல் பெயர்

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் மாமாவின் பெயர் இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பரவியது உன் பெயர் என்றும் சொல்லலாம்.

படிப்புக் கடனுக்கு வட்டி கூடாது, வேலை கிடைத்த பிறகுதான் திருப்பிக் கேட்கவேண்டும் என்று சூலியா தெரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து மந்திரிக்கு ஒரு மனு எழுதினேன். வாசித்த வக்கீல்கள் கண்கலங்கினார்கள். மனு கிடைக்கிறவர்கள் அடியில் தங்கள் பெயரைச் சேர்த்து, தெரிந்தவர்களுக்கு ஈமெயிலில் அனுப்பவேண்டும். கடைக்காரர் கமாலுதீன்தான், "அண்ணே, மொத பேரு கடன் வாங்குன பிள்ளையோடதா இருக்கணும்லா. இந்த வயசுல உங்களுக்கு யாரு கடன் குடுப்பா?" என்றார். உன் பெயரையும் கல்லூரியையும் போட்டேன். உன்னைக் கேட்க நேரமில்லை.

பத்தாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்நூறுதான் என்று கமாலுதீன் சொன்னால் நம்பாதே.

உன் தோழிகளுக்கெல்லாம் இந்த வருடக் கடன் வந்துவிட்டதாம், உனக்கு மட்டும் வரவில்லையாம். உன் அம்மா சொன்னாள். தபால் தாமதமாகத்தான் இருக்கும். இருந்தாலும் உன் பெயரை எடுக்கச் சொல்லிக் கடைக்குப் போனேன்.

"ஈமெயில் போனா போனதுதான் அண்ணே. எத்தன வீட்டுக் கதவ தட்டுவீங்க?"

சில நாளாகச் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

நாளைக்குப் பட்டர்வொர்த்தில் ரயிலேறிக் கோலாலம்பூர் கடன் அலுவலகத்துக்குப் போகிறேன். மனு என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். உன் அம்மாவிடம், மந்திரி என்னைப் பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் என் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன் தாய்மாமா