மாமாவின் கவருக்குள் புரோட்டாக் கடை பில்

என் பாசத்துக்குரிய வேன் மாமாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக மேலே போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எனக்கு மீசை வந்துவிட்டது. இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஒன்பது. அழுக்கு என்று நினைத்து அம்மா முந்தானையால் துடைக்க வந்ததை வரலாறு மறந்துவிடட்டும்.

அப்புறம் இன்னொரு சின்னச் செய்தி. வீட்டு லோன் கிடைத்துவிட்டது. குத்துக்கல்வலசை வீடு நமக்குத்தான்!

லோ லோன்னு அலையவிடுவதால்தான் அதற்கு லோன் என்று பேர் வைத்தார்களோ? அம்மா நர்ஸ் வேலைக்கு லீவு போட்டு, சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தாள். கடைசியில் மேனேஜர் அவள் பாஸ்புக்கில் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார்.

"வீட்டு விலையில நீங்க கையில இருந்து போடுத பணம் இது. அஞ்சு லட்சம் ஒரே நாள்ல வந்திருக்கே, யாரு அனுப்புனது?"

"எங்க அண்ணன் சார். வேனை வித்து அனுப்புனாக."

"கடனா, சும்மா கொடுத்ததா? கடன்னா லோன் தொகை கொறையும். சும்மான்னா, திருப்பிக் கேக்க மாட்டேன்னு அவுகள எழுதித் தரச் சொல்லுங்க."

"அவுக தவறி ஏழு மாசமாச்சு சார்."

மேனேஜர் பேனாவை மூடினார். அம்மா மட்டும் அசரவில்லை. "ஆனா எழுதி வச்சிட்டுத்தான் போனாக" என்று பையிலிருந்து உங்கள் கவரை எடுத்தாள். வேனுக்குக் கடன் வாங்கும்போது இதே கேள்வியில் நீங்கள் மாட்டி முழித்தீர்கள் இல்லையா? தங்கச்சி முழிக்கக் கூடாது என்று முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பின் அடித்துக் கொடுத்தீர்களே, அதே கவர்.

பிரித்தால், குற்றாலத்துப் புரோட்டாக் கடை பில். எட்டு புரோட்டா, இரண்டு நாட்டுக்கோழி.

மேனேஜர் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது செல்லாதும்மா" என்றார்.

அம்மா அங்கன அழவில்லை. பஸ்ஸ்டாண்டுக்கு வந்து அழுதாள். "அண்ணன் மாத்தி வச்சிட்டாகளா, இல்ல நாந்தான் தொலைச்சிட்டேனா? இந்த மாசம் தாண்டுனா வீட்டுக்குக் கொடுத்த அட்வான்சும் போயிரும்லே."

"ஏம்மா அழுத? நான் கண்டுபிடிக்கேன்."

"ஆமா, பெரிய துப்பறியுத சிங்கம். போலே."

நாற்பதே நிமிடம் மாமா! பீரோ, பரண், அரிசி டப்பா வரை அலசி, கடைசியில் என் இயற்பியல் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அந்தப் புத்தகத்தை இந்த வீட்டில் எவரும் திறக்க மாட்டார்கள், நான் உள்பட.

மறுநாள் மேனேஜர் வாய்விட்டே படித்தார். "என் தங்கைக்கு நானாகக் கொடுத்தது. நானோ என்னைச் சேர்ந்தவர்களோ திருப்பிக் கேட்க மாட்டோம்." வேன் பணம் உங்கள் கணக்குக்கு வந்த நாளையும், அங்கிருந்து அம்மாவுக்குப் போன நாளையும் ஒத்துப் பார்த்தார். பத்தாம் நாள் லோன் வந்தது. அன்றைக்கு அம்மா மத்தியானமே படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். எத்தனை மாதம் ஆச்சு அந்தச் சத்தம் கேட்டு! எதிர்வீட்டு அண்ணாச்சி என் முதுகில் தட்டி, "பய மூளைக்காரன்" என்றார். தெருவில் இப்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன்.

மாமா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். நான் எதையும் தேடல. முப்பத்தொம்பது நிமிசம் சும்மா பீரோவை உருட்டுனேன். கவருக்குள்ள பில்லை வச்சதே நான்தான்.

ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட வரும்போது, "உங்க பத்திரத்த வாசிச்சுக் காட்டுங்க மாமா"ன்னு கேக்கணும், நீங்க பிரிச்சு முழிக்கணும், நான் உருண்டு சிரிக்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். வியாழக்கிழமையே போயிட்டீகளே. அதுக்கப்புறம் அந்தக் கவரைத் தொடக் கை வரல. அன்னைக்கு பஸ்ஸ்டாண்டுல அம்மா தன்னையே திட்டிக்கிட்டு அழுதா. அப்பவும் நான் வாயத் திறக்கல.

பால் காய்ச்சுத நாளுக்கு முன்னால அவகிட்ட இந்தக் கடிதத்தைக் கொடுத்துருதேன், சத்தியம். அடி விழும். நீங்க குறுக்க வந்து தடுக்கவும் மாட்டீக. பரவால்ல, வாங்கிக்கிடுதேன்.

உங்க கையால குட்டு வாங்கி வளந்த மருமகன்,
கார்த்தி