ஓட்டை விழுந்த முட்டைகோஸ்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டி வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். பிரிஞ்சாங் மலைக் குளிர்தான் இன்னும் பழகவில்லை.

மருந்தடிக்காத காய்கறியை இங்கிருந்து நேராக ஈப்போவில் நம் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புகிறோமே, அதில் ஒரு சின்னச் சிக்கல். பயப்படாதீர்கள். கோஸில் புழு ஓட்டை இருக்கிறதென்று போன வாரம் அங்குள்ளவர்கள் பாதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டை இல்லாமல் வேண்டுமென்றால் மருந்தடிக்கத்தான் வேண்டும். தோட்டக்காரர் ரெங்கசாமி அண்ணன் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்.

"இந்த வாரமும் திரும்பி வந்தா மருந்து அடிச்சிருவேன்மா. வேற வழி இல்ல லா," என்றார்.

மருந்தடிக்காமல் விளைவித்த மற்ற தோட்டக்காரர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். இவர் ஒருவர்தான் மிச்சம்.

கடிதம் கொண்டுவரும் லோரியில்தான் பெட்டிகளும் வருகின்றன. முட்டி வலியோடு படியிறங்கச் சொல்கிறேன், மன்னியுங்கள். எல்லோரும் பார்க்க, ஓட்டை அதிகமுள்ள கோஸை நீங்கள் முதலில் எடுங்கள் அத்தா. உங்களைப் பார்த்து நாலு பேராவது எடுப்பார்கள்.

என் பழைய ஸ்வெட்டரை லோரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

லோரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். போன வாரம் திரும்பி வந்ததில் நம் வீட்டுப் பெட்டியும் இருந்தது. ரெங்கசாமி அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
சுஹைலா