தேடுசொற்களுக்கான ஏழு பெட்டிகள்

என் ராசாத்திக்கு,

நாவலை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். வாசகர்கள் தேடி வர, அந்தத் தளத்தில் ஏழு பெட்டிகளில் தேடுசொற்கள் கேட்டார்கள். ஆடிக்கு வந்திருந்தபோது நீ சொல்லித் தந்தாயே: "ஏம்மா, மொத வார்த்தைய தட்டு. கீழ என்ன வருதோ அதத்தான் சனங்க தேடுதாங்க." நீ விட்டுப்போன மடிக்கணினியில் தேடல் பக்கத்தைத் திறந்து 'கணவன்' என்று தட்டினேன்.

'கணவன் அடித்த காயம் வெளியே தெரியாமல் மறைக்க.' 'கணவன் அடித்தால் யாரிடம் சொல்வது.'

ஊரில் இத்தனை பேரா என்று பதறிக்கொண்டே இரண்டையும் பெட்டிகளில் நிரப்பினேன். பிறகுதான் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் கண்ணில் பட்டது. இதே கணினியில் முன்பு தேடியவை அவை.

பாளையங்கோட்டை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தாய். கதை மும்முரத்தில் நான் ஏனென்று கேட்கவில்லை.

என் கதாநாயகி கடைசிவரை பொறுத்துப்போகிறாள். அதைத் தட்டச்சு செய்தவளே நீதான்.

புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இதைக் கொண்டுவந்த அப்பா உன் வாசலிலேயே நிற்பார். அம்மா கடைசி அத்தியாயத்தை மாற்றுகிறாள், தட்டச்சுக்கு ஆள் இல்லை என்று உன் மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு.

உன் அம்மா